ராணியின் வால்

எனக்குச் சர்க்கரை வேண்டாம் சார். டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மெர்சிக்கு அப்படியில்லை, கொஞ்சம் கம்மியாகப் போட வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தால் இதெல்லாம் தெரிந்துபோகும்.

என் பெயர் ஜெயராமன். தங்கவயலில் பிறந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவன். மனைவி போன பிறகு மர்பி டவுனில் ஒண்டிக்கட்டை. எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மெர்சியும் அவள் மகள் ஜெனிஃபரும். மெர்சி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். புருஷன் இல்லை.

ராணி அவர்களுடைய நாய். தேன் நிறம், விறைத்த காது. அது லாப்ரடார் கலப்பா, ராஜபாளையம் கலப்பா என்று ஜெனிஃபரின் ஆபீஸில் ஒரே பந்தயம். அவள் டி.என்.ஏ. சோதனைக்கு ஒரு டப்பா வரவழைத்தாள். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து அனுப்ப வேண்டும். வாயைப் பிடித்துக்கொண்டது நான்தான். வேறு யாரையும் ராணி அப்படிப் பிடிக்க விடாது. பாதிக்கு மேல் தெருநாய் என்று ரிப்போர்ட் வந்தது, சிரித்துவிட்டு மறந்துபோனோம். சோதனை செய்த கம்பெனி மறக்காது என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஜெனிஃபர் வைட்ஃபீல்டு பக்கம் ஏழாவது மாடியில் ஃபிளாட் பார்த்தாள். அம்மாவையும் நாயையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். மெர்சி வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் ராணி என் வீட்டில்தான் கிடக்கும். சார், எனக்கு நாய் என்றால் உயிர். ஒரு வாயில்லா ஜீவனைக் கொண்டுபோய் நாலு சுவருக்குள் அடைப்பது பாவம் இல்லையா? அதனால்தான் அதை என் பாத்ரூமில் வைத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது, ஓடிவிட்டது என்று மெர்சியிடம் சொன்னேன்.

காணவில்லை என்று நோட்டீஸ் ஒட்ட மெர்சியோடு நானும் போனேன். பசை வாளியைச் சுமந்தது நான். அல்சூர், ஜீவனஹள்ளி, ஒரு சந்து விடவில்லை. அவளைத் தனியாக அலையவிட எனக்கு மனசு வரவில்லை. வீடு மாறும் பேச்சு வந்தபோது மெர்சி மகளிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"அது திரும்பி வந்தா யாரைத் தேடும்? நான் வரல. நீ போறதுன்னா போ."

ஜெனிஃபரும் போகவில்லை. சாயங்காலம் மெர்சி வீடு திரும்பி யாரோடாவது பேச ஆரம்பித்தால் ராணி சுவரோரம் போய் நின்று குரைக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் வாயைத் துணியால் கட்டி வைப்பேன். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியதும் அவிழ்த்துவிடுவேன். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு துணியைக் கண்டாலே தானாகத் தலையைக் குனிந்து கொடுக்கும். அவ்வளவு புத்தியுள்ள நாய்.

அது சினையாக இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலு குட்டி போட்டது. மூன்று ரொம்பக் கத்தின. நாலாவது சாது, அதனால் அதை வைத்துக்கொண்டேன்.

மெர்சி வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் ஜெபக் கூட்டம். நான் இந்து, இருந்தாலும் கடைசி நாற்காலியில் போய் உட்காருவேன். ஒவ்வொருவராக எழுந்து வேண்டுதலைச் சொல்வார்கள். பிள்ளைக்கு வேலை, வீட்டுக்காரரின் குடி. மெர்சிக்கு எப்போதும் ராணிதான். கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கும். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வீட்டில் இருந்தால் அம்மா செத்துவிடுவாள் என்று ஜெனிஃபர் மறுபடி ஃபிளாட் பேச்சை எடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமை குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். சந்தைப் பக்கம் கிடந்தது என்றேன். கன்னங்கரேல் என்று, காது தொங்கி, ராணியின் சாயல் துளியும் கிடையாது. மெர்சி எழுந்து நின்று எல்லோர் முன்னும் சாட்சி சொன்னாள். கர்த்தரிடம் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதாம். குட்டிக்குச் சாமுவேல் என்று பெயர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு நல்ல காரியத்தை நான் வேறு யாருக்கும் செய்ததில்லை சார்.

சாமு வளர்ந்தான். ஜெனிஃபர் ஃபிளாட்டை விடுவதாக இல்லை. அந்த அபார்ட்மென்ட் சங்கத்தில் நாய் என்ன ஜாதி என்று கேட்டார்களாம், மூர்க்க ஜாதி ஆகாதாம். மறுபடி அதே கம்பெனிக்குப் பஞ்சுக் குச்சி போனது. எனக்குச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெர்சி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"அண்ணா, ரிப்போர்ட்ல சாமுவோட அம்மா யாருன்னு போட்டிருக்கான் தெரியுமா? நம்ம ராணிண்ணா. உசுரோட எங்கியோ இருக்குது. குட்டி எங்க கிடந்துச்சுன்னு கரெக்டா சொல்லுண்ணா, இப்பவே போலாம்."

இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன். காலையிலிருந்து ராணிக்கு வாய் கட்டியிருந்தது, ஞாயிறு மெர்சி வீட்டில் இருக்கும் நாள். ஆனால் வாலைக் கட்ட எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் குரல் கேட்டதும் பாத்ரூமுக்குள் வால் பிளாஸ்டிக் பக்கெட்டில் அடிக்க ஆரம்பித்தது. டப், டப் என்று, நிற்காமல்.

"அது இன்னா சத்தம்ணா?"

"குழாய் ஒழுகுதும்மா. இரு, டீ போடறேன்."

"சக்கரை சொல்ப கம்மியா போடுண்ணா."

அடுப்பில் பாலை வைத்துவிட்டு உள்ளே போனேன். கையில் இன்னொரு துணியைக் கண்டதும் ராணி வழக்கம்போல் தலையைக் குனிந்து கொடுத்தது. கொஞ்சம் மேலே ஏற்றி, மூக்கையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முன்னறையில் மெர்சி அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தாள். அதனால் வால் நிற்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பால் பொங்கவில்லை.

டீயைக் குடித்துவிட்டு இருவரும் சந்தைக்குப் போனோம். பொழுது சாயும்வரை தேடினோம். மறுநாள் பாத்ரூம் தரையைத் தோண்டி, மேலே சிமென்ட் பூசினேன். லேத் ஓட்டிய கை, வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சாமு மட்டும் தினமும் வந்து அந்தத் தரையில் படுத்துக்கொண்டான். கூப்பிட்டால் எழமாட்டான். மெர்சி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். உங்களுக்கு ஃபோன் செய்தது அவள்தான் என்று தெரியும், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாய்மேல் வைத்த பாசத்தால் செய்தது என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள் சார். இனிமேல் ராணிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மெர்சி வீட்டைக் காலி செய்துவிட்டாளா?