நல்லேருக்கு வர்றேன்

— தண்ணிய அடைச்சு வச்சீங்களா? எதுக்குங்க?

— கை சும்மா இருக்கல வேம்பு. பனி உருகிப் புல்லு மேல கொளமா நின்னுச்சு. வாய்க்கா வெட்டி வெளிய விடுன்னாரு சூப்பர்வைசர். வெட்டுனேன். அவ்ளோ தெளிஞ்ச தண்ணி, நேரா சாக்கடைக்கு ஓடுது. நம்ம வலங்கைமான் பக்கம் ஒரு மடைத் தண்ணிக்கு எத்தினி பேரு மண்டை ஒடஞ்சிருக்கு. மனசு கேக்கல. எல்லாரும் போனப்புறம் மண்ண வெட்டிப் போட்டு வாயை அடைச்சுட்டு வந்துட்டேன். புல்லு குடிக்கட்டும்னு.

— நல்லதுதானே செஞ்சீங்க.

— ஊர்ல அது நல்லது. கனடாவுல, விடியிறதுக்குள்ள அம்புட்டும் ஐஸ் கட்டிப் போச்சு. இப்ப உருகுனா, அடியில புல்லு பழுத்துக் கெடக்கு. கோல்ஃப் ஆடுற எடம் புள்ள. குழி இருக்குற பக்கம் பாய் விரிச்சாப்புல இருக்கணும். அடுத்த வாரம் சீசன் தொறக்குறாங்க.

— திட்டுனாங்களா?

— திட்டியிருந்தாத் தேவல. ‘மருதையா, உனக்கு வெவசாயம் தெரியும்னுதானே வண்டி கழுவுற வேலையிலேருந்து உன்னய புல்லுக்கு மாத்துனேன்’னாரு. அவ்ளோதான். பைய எடுத்துக்கன்னுட்டாரு.

— எடுத்துக்கன்னா?

— வேலை போச்சு. லைன்ல இருக்கியா?

— இருக்கேன். சாப்பிட்டீங்களா?

— நீ ஒருத்திதான் புள்ள அப்புடிக் கேக்குற. இங்க புல்லு வெட்டுற மெஷினைப் போட்டா மதியம் வரைக்கும் வாயைத் தொறக்க வேணாம். அப்புறம் ரூம்ல வந்தும் தொறக்க வேணாம். ஒரு நா என் கொரலே எனக்கு யாரோ மாதிரி கேட்டுச்சு.

— நான் மட்டும் இங்க திருவிழாவா கொண்டாடுறேன்? ஒரு ஆளுக்கு ஒல வைக்கிறதுக்கு அரிசி அள்ளவே கை வர மாட்டேங்குது. பாதி நா பழைய சோறுதான்.

— அதுக்குத்தான் சொல்ல வந்தேன். டிக்கெட் போட்டாச்சு. சித்திரை நல்லேருக்கு வந்துடுவேன்.

— நல்லேருக்கா?

— ஆமா. சித்திரை பொறந்ததும் மொத சால் வீட்டு ஆம்பள ஏரு ஓட்டணும். அப்பா இருந்த வரைக்கும் ஒரு வருசம் விட்டதில்ல. நான்தான் விட்டேன். மீரா உசேன் அண்ணன்கிட்ட ஜோடி மாடு கேட்டு வையி.

— அவரு மாட்ட வித்துட்டாருங்க.

— சரி, டிராக்டர் சொல்லு. வெதநெல்லு ஒரு கை போதும், ஊற வையி. இந்தா பாரு, இங்க குழிக்குக் குழி ஒரு கொடி ஊனணும். காலையில ஒவ்வொண்ணா ஊனுறப்ப அப்பாதான் கண்ணு முன்னால நிப்பாரு. பண்ணையாளா கெடந்த மனுசன் அந்த வயல்ல செங்கொடி நட்டு, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி வாங்குன மண்ணு. நான் கண்டவன் வெளையாடக் கொடி நட்டுக்கிட்டு நிக்கிறேன்.

— போன சித்திரைக்கும் கூப்புட்டேன்ல. அதுக்கு முந்தின சித்திரைக்கும் கூப்புட்டேன்.

— ஏப்ரல்ல லீவு தர மாட்டாங்க வேம்பு. சீசன்.

— அதான, சீசன். தைப் பொங்கலுக்குக் கூப்புட்டப்ப என்ன சொன்னீங்க? ‘நச்சரிக்காத, வயல உன் இஷ்டம் எதையாவது செய்யி’ன்னு வச்சுட்டீங்க.

— கோவத்துல சொன்னது புள்ள.

— எனக்கு எப்புடித் தெரியும்? ரெண்டு போகமும் தரிசு. ஒத்தையா போயி வரப்புல உக்காந்து அழுதுட்டு வருவேன். முடியலீங்க. குத்தகைக்கு விட்டுட்டேன்.

— யாருக்கு?

— திட்டாதீங்க.

— யாருக்கு விட்ட?

— பெரிய பண்ணை வீட்டு சாரங்கபாணிக்கு.

— எங்கப்பாவக் கட்டி வச்சு அடிச்ச ஆளு பேரனுக்கா?

— வேற யாரும் வந்து கேக்கலியே.

— சரி. விடு. ஒரே ஒரு சால் நான் ஓட்டிக்கிறேன்னு சொல்லு. நல்லேரு மட்டும். அதுக்கு என்ன சொல்லப்போறாரு.

— ஓட்ட முடியாதுங்க. அவரு நெல்லு போடல. கும்பகோணத்துப் பக்கம் புதுசா கட்டுற ஓட்டலுக்கெல்லாம் புல்தரைக்கு வேணும்னு வயல் பூரா கொரியன் புல்லு வச்சிருக்காரு. நீங்க சொல்லுவீங்கல்ல, பாய் விரிச்சாப்புல, அப்புடித்தான் கெடக்கு. லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— நேத்து வாசல்ல வந்து நின்னாரு. ‘மருதையன் வெளிநாட்டுல புல்லுதானே பாக்குறான், வந்தா நம்ம பண்ணைக்கு ஆளா வரச் சொல்லு’ன்னாரு. நீங்க எங்க வரப்போறீங்கன்னு, சரின்னு தலையாட்டிட்டேங்க.