உப்பில்லாதது என்று எழுதிய பொட்டலங்கள்

வெண்ணெயை ரொட்டியின் வெளிப்பக்கம்தான் தடவ வேண்டும். உள்ளே தடவுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்புறம் ரொட்டி கருகிவிட்டது, சீஸ் உருகவில்லை என்று சட்டியைத் திட்டுவார்கள். அடுப்பு மெல்ல எரிய வேண்டும். ஒரு ரொட்டி, சீஸ், வான்கோழிக் கறி, மறுபடி சீஸ், மேலே இன்னொரு ரொட்டி. இரும்புச் சட்டியில் வைத்து, இன்னொரு சின்னச் சட்டியை மேலே பாரமாக வைத்தால் போதும். என் கணவர் ஆர்டனுக்கு அதைக் கோணலாக வெட்டித் தர வேண்டும். நேராக வெட்டினால் ருசி குறைகிறது என்பார்.

டெபுடி ஷெரீஃப் ஹால்வர்சன், காகிதமும் பேனாவும் கொடுத்து, “உங்க வார்த்தையிலயே எழுதுங்க, லவோன்” என்று சொன்னீர்கள். என் வார்த்தைகள் அடுப்படியில்தான் தொடங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டன் முப்பத்தெட்டு வருடம் பால் லாரி ஓட்டினார். இந்த மாவட்டத்துப் பண்ணைகளில் ஒரு மாட்டுக் கொட்டில் பாக்கியில்லாமல் அவருக்குத் தெரியும். என்னைத்தான் அவ்வளவாகத் தெரியாது. விடிவதற்கு முன்னால் கிளம்புவார், மத்தியானம் வந்து நின்றபடியே இரண்டு வாய் சாப்பிடுவார், மறுபடி கிளம்பிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. பேச நேரமில்லாத மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் ஏரியில் மீன் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரை ரிப்பேர் பார்க்க என்று வெளியிலேயேதான் இருந்தார்.

போன வருடம் ஏப்ரலில் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. உப்பைக் குறைக்க வேண்டும், உடம்பில் நீர் கோத்தால் ஆபத்து, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், ஒரே வாரத்தில் ஐந்து பவுண்டு கூடினால் உடனே நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஆர்டன் சமையலறை மேசையில் என் எதிரே உட்கார்ந்தார். எங்கள் கல்யாணமே அப்போதுதான் ஆரம்பித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எதை எடுத்தாலும் நான் உடனே அதனிடத்தில் வைத்துவிடுவேன். அதைப் பார்த்து, “இந்த வீட்ல கத்தரிக்கோலுக்குக்கூட சொந்த விலாசம் இருக்கு. எனக்கு மட்டும்தான் இல்ல” என்பார்.

“உங்களுக்கு அந்த நாற்காலிதான் விலாசம். உக்காருங்க” என்பேன்.

“சரி மகராசி” என்று உட்கார்ந்துகொள்வார். சில நாள் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொள்வார். அறுபத்தொன்பது வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு எங்கள் மகள் கிரெட்சன் அரிசோனாவிலிருந்து வந்தாள். வான்கோழியை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுச் சுடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒரு பெரிய வாளி, அது முழுக்க உப்புக் கரைசல், கராஜின் குளிரே குளிர்பெட்டி. இந்த முறை வாளியை எடுக்கவில்லை. உப்பில்லாமல் சுட்டேன். கறி சவசவ என்றிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கிரெட்சன் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் உடம்பு நன்றாகத் தேறி வருகிறது; ஜனவரிக் கடைசிவரை இப்படியே இருந்தால் விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்; இருவரும் அவளோடு வந்துவிட வேண்டும், இந்த வீட்டை விற்றுவிடலாம்.

“அங்க பனி இல்ல, படி இல்ல. பக்கத்திலேயே நடக்கிறதுக்கு ஒரு கூட்டம் இருக்கு, எல்லாம் அப்பா வயசுக்காரங்க” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ அடுப்புப் பக்கமே போக வேண்டாம்மா. எல்லாம் நான் பாத்துக்குறேன்” என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். ஆர்டனின் முகத்தைப் பார்த்தேன். லாரிச் சாவியைக் கையில் எடுக்கும்போது வரும் அந்தப் பழைய முகம் திரும்ப வந்திருந்தது. மறுபடியும் கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கிரெட்சன் ஊருக்குப் போன மறுநாள் கடைக்குப் போனேன். பண்டிகை முடிந்தால் வான்கோழி பாதி விலைக்கு வந்துவிடும், உங்களுக்கே தெரியும். ஒன்று வாங்கி வந்தேன். கராஜில் வாளியை இறக்கினேன். அங்கே போக மூன்று படி இறங்க வேண்டும். ஆர்டனுக்கு அந்த மூன்று படியே மூச்சு வாங்கும் என்பதால் அவர் வருவதில்லை. வழக்கமாகப் போடும் உப்பைப் போட்டேன். பிறகு இன்னும் ஒரு கை போட்டேன்.

சுட்டு, மெல்லியதாக அரிந்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் தேதியும் ‘உப்பில்லாதது’ என்றும் எழுதி ஃப்ரீசரில் அடுக்கினேன். கிரெட்சன் வாங்கி வைத்திருந்த உப்புக் குறைந்த சீஸைப் பறவைகளுக்குப் போட்டுவிட்டு, அந்த உறையிலேயே உப்புத் தூக்கலான நம் ஊர்ச் சீஸை வைத்தேன்.

முதல் நாள் ஒரு கடி கடித்ததும் ஆர்டன் கண்ணை மூடிக்கொண்டார். “உப்பே இல்லாம எப்படி இந்த ருசி?”

“நிதானமா சுட்டா ருசி வரும்” என்றேன்.

“உன் கைக்குத் தங்க வளையல் போடணும்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. தினமும் மத்தியானம் அதே சாண்ட்விச்தான் வேண்டும் என்றார். தினமும் செய்து கொடுத்தேன். கேட்டதைத்தான் கொடுத்தேன், இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் விரும்பியது சின்ன விஷயம். அவர் சாக வேண்டாம். குணமாகவும் வேண்டாம். விமானம் ஏற முடியாத அளவுக்குக் களைப்பாக, என் எதிரே, அந்த நாற்காலியில் இருந்தால் போதும்.

கிறிஸ்துமஸுக்குள் கணுக்கால் வீங்கியது. நானே தடித்த கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தேன். ஜனவரி முதல் வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. பனிப்புயல், வர முடியாது என்று நானே போன் செய்து தள்ளிப்போட்டேன். பனி பெய்தது பொய்யில்லை. நாலு அங்குலம். நம் ஊரில் நாலு அங்குலப் பனிக்கு யாரும் காலணியைக்கூட மாற்றுவதில்லை.

ஒரு நாள் காலையில் எடை மெஷினிலிருந்து இறங்கி, காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே இருந்தது. “எடை அப்படியே இருக்கு. கால் மட்டும் ஊதிக்கிட்டே போகுதே. மெஷின் பொய் சொல்லுதோ?”

“அது எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கென்ன லாபம்?” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று நம்பிவிட்டார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி மத்தியானம் அவர் பாதி சாண்ட்விச் சாப்பிட்டார். மற்ற பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, “லவோன், மூச்சு முட்டுது. போன் பண்ணு” என்றார். ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் கிரெட்சன் ஃப்ரீசரைத் திறந்தாள். அப்பா கடைசியாகச் சாப்பிட்டதைத் தானும் சாப்பிட வேண்டும் என்றாள். நான் தடுக்கவில்லை. அவளே செய்தாள், வெண்ணெயை வெளிப்பக்கம்தான் தடவினாள். கோணலாக வெட்டினாள். ஒரு வாய் கடித்து மென்றவள் நிறுத்திவிட்டாள். பொட்டலத்தில் என் எழுத்தைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விழுங்காமல் காகிதத்தில் துப்பிவிட்டு, வாசலுக்குப் போய் உங்களுக்குப் போன் செய்தாள்.

அவளுக்குத் தெரிந்தது உப்பு மட்டும்தான். மெஷின் விஷயம் யாருக்கும் தெரியாது, அதை நானே சொல்லிவிடுகிறேன். அது பழைய முள் மெஷின். அடியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. திருப்பினால் முள் பின்னால் போகும். நீர் கோத்து எடை ஏறினால் நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள் என்று, தினமும் அவர் எழுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை திருப்பிவைப்பேன். ஏழு வாரத்தில் பதினாறு பவுண்டு.

அவர் மூச்சு முட்டுகிறது என்றபோது நான் உடனே போனை எடுக்கவில்லை. முதலில் குளியலறைக்குப் போய் மெஷினைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பழையபடி திருப்பினேன். முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்க இரண்டு மூன்று நிமிடம் பிடித்தது. அவர் என்னை இரண்டு முறை கூப்பிட்டது கேட்டது.

கொல்ல நினைக்கவில்லை என்றால் அதை ஏன் செய்தாய் என்று கிரெட்சன் கேட்பாள். அவளிடம் சொல்லுங்கள், அம்மாவுக்கு எதையும் எடுத்த இடத்தில் வைத்துத்தான் பழக்கம்.