வீரமலை பாஸ் உடைத்த துப்பாக்கிக் கட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் இரங்கல் கூட்டத் தலைவர் ஸியாம் ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பாஸின் துணைவியார் ஜீவராணி அக்கா அவர்களே, தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்தும் ருவான்வெல்லைக் கடைவீதியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சிறுதோட்டக்காரர் சங்கத்தின் சார்பில் கடைக்கார ஹஸீபின் ஸலாமும் வணக்கமும். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, கடையில் நின்று பேசித்தான் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தச்சர் வீரமலை பாஸ்! கைவேலை தெரிந்த எல்லோரையும் நாம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் பாஸ் என்றால் நமக்கு இவர்தான்! முப்பத்தைந்து வருடம் இந்தத் தோட்டத்துக்குக் கதவு செய்தவர், கூரை போட்டவர், நம் பிள்ளைகளுக்குத் தொட்டில் செய்தவர்! இதையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் என் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள்! மரவள்ளியைத் தோண்டும் பன்றிகளை விரட்ட, வாப்பா காலத்திலிருந்து லைசன்ஸோடு வீட்டில் இருக்கும் பழைய துப்பாக்கி அது. தோளில் வைக்கும் மரக்கட்டை விரிசல் விட்டுப்போனது. பாஸிடம் கொண்டுபோனேன். என் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் கணு வரை அளந்தார். "சட்டை மாதிரிங்க மொதலாளி, ஆளுக்கு அளவா இருக்கணும்" என்றார். இரும்பில் விளக்குப் புகையைப் பிடித்து, கட்டையில் அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தினார். ஒரு தலைமயிர் நுழைய இடமில்லை! அப்படியொரு கையை இனி எங்கே போய்த் தேடுவது?

கட்டை என் கைக்கு வந்த அன்று, பெருமையடிக்க நாலு பேரைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். முதல் வேட்டு வைக்கப் புறப்படுகிறோம். கொட்டும் மழையில், காலில் செருப்புக்கூட இல்லாமல், மூன்று மைல் ஓடி வந்து நிற்கிறார் பாஸ்!

"சுட்டுறாதீங்க மொதலாளி! கட்டைக்கு வெட்டின பலகையில மிச்சத் துண்ட அடுப்புக்குப் பொளந்தேன், குறுக்கால விட்டுப்போச்சு. மரத்தோட ரேகை சரியில்ல. கட்டை ஒடஞ்சா மரச் சிம்பு கண்ணுலதான் பாயும்!"

"நாலு பேருக்கு முன்னாலயா பாஸ்? ஒங்கட பேரு கெட்டுப்போகுமே!" என்றேன் மெதுவாக.

"பேரு கெட்டா திருப்பி சம்பாரிச்சிக்குவேங்க. கண்ணு செய்ய எனக்குத் தெரியாது."

கட்டையைக் கழற்றினார். வாசற்படியில் ஒரே அடி. இரண்டு துண்டு! "என் வேலதாங்க பிழை" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

வேறு மரத்தில் மறு கட்டை செய்து தந்தார். பத்து வருடமாக அதுதான் என் தோளில் இருக்கிறது. ஆனால் ஊர் என்ன சொன்னது? "வீரமலைக்கு இப்ப பழைய கை இல்ல" என்றது. ஒரு ஜன்னலுக்குக்கூடச் சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். என் கடை வாசலில்தான் அந்தப் பேச்சு நடந்தது. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜீவராணி அக்கா, இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்தப் பலகை என்னுடையது! "இது வேணாங்க, ரேகை ஓடுற விதம் மனசுக்குப் புடிக்கல" என்று பாஸ் முதல் நாளே சொன்னார். "வாப்பா நட்ட மஹோகனி, இதுலதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அந்த நாலு பேருக்கு முன்னால் அவர் அதைச் சொன்னாரா? இல்லையே! எனக்குப் பத்து வருடம் வாய் இருந்தது, நான் சொன்னேனா? இல்லையே! வெட்கமாக இருக்கிறது அக்கா. என்னை மன்னித்துவிடுங்கள்.

சபையோரே, சங்கத்தில் இருக்கும் ஒன்பது துப்பாக்கிகளையும் வருடம் தவறாமல் கழற்றிப் பார்ப்போம், பழுதைப் பழுதென்று வாய் திறந்து சொல்வோம். பாஸின் பெயரால் இது உறுதி! அவர் உடைத்த இரண்டு துண்டுகளும் இதோ என் கையில் இருக்கின்றன. நாளை இவற்றைச் சங்கக் கட்டடத்துச் சுவரில் மாட்டுகிறோம். கீழே 'பிழை விட்டவர்' என்று எழுதி ஒரு பெயர் போடுவோம். அந்தப் பெயர் வீரமலை அல்ல, ஹஸீப்.