கழுவாத காசு

என் பெயர் அகதா மோனிக்கா ப்ரெட்டிமன். வயது எழுபத்தொன்பது. காலஞ்சென்ற ஆம்ப்ரோஸ் ப்ரெட்டிமனின் மனைவி. சஃபோக் மாவட்டம், ஹோல்ஸ்டன் கிராமம், மில் சந்தில் கடைசி வீட்டில் தனியாக வசிக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். காவல்துறை சார்ஜென்ட் ஸ்கேஃப் முன்னிலையில், என் சமையலறையில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேல்வயல் எனக்குச் சொந்தமானது. அது முழுக்கக் களிமண், இடையிடையே சுண்ணாம்புக் கற்கள். ஓடைக்கு அப்பால் உள்ள நிலம் ரெஜ் கட்டிங் என்பவருடையது. அது மணல். அவர் என் மகன் ஜெரார்டின் மாமனார்.

என் கணவர் இப்ஸ்விச்சில் ஓர் ஏலக்கடையில் பழங்காசுகளுக்கு விலை மதிப்பிடுபவராக இருந்தார். மண்ணிலிருந்து எடுத்த வெள்ளிக்காசைத் தேய்த்துக் கழுவினால் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜெரார்டுக்கும் தெரியும்.

கணவர் இறந்த பிறகு அவருடைய மெட்டல் டிடெக்டரை ஜெரார்ட் எடுத்துக்கொண்டான். பார்லி அறுவடை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பூசைக்குப் பிறகு மேல்வயலில் பழங்காசு தேடுவான். அன்று கிடைத்ததை நிலத்துக்காரரின் மேசையில் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும், அந்த ஆண்டின் முதல் வெள்ளி நிலத்துக்காரருக்கு என்பதும் இந்தப் பக்கத்தில் தேடுபவர்களின் வழக்கம். பெரும்பாலும் பொத்தான்களும் ஈயக் குண்டுகளும்தான் வரும்.

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறன்று அவன் என் கையில் ஒரு காசைக் கொடுத்தான். முதலாம் சார்லஸ் மன்னர் குதிரைமேல் இருக்கும் அரை கிரவுன் வெள்ளிக்காசு. மறுபக்கம் சாம்பல்நிறக் களிமண் கட்டியாக ஒட்டியிருந்தது.

"இந்த வருஷத்து முதல் வெள்ளி. நிலத்துக்கார அம்மாகிட்ட ஒப்படைச்சாச்சு. கழுவித் தரவா?" என்றான்.

"உங்கப்பா வீட்டுல நின்னுக்கிட்டா இதைக் கேக்குற?" என்றேன். சிரித்தான். தேநீர் குடித்தான், கேக் இரண்டு துண்டு சாப்பிட்டான். காசை அப்படியே என் கணவரின் ஜெபமாலை இருக்கும் தகர டப்பாவில் வைத்தேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அவன் மேல்வயலுக்கு வந்தான். ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லி மேசைக்கு வரவில்லை. மண்வெட்டியையும் பூட்ஸையும் வெளிக்குழாயில் கழுவிவிட்டுப் போனான். பூட்ஸைக் கழுவச் சொல்லி அவன் சிறுவயதிலிருந்து நான் கத்தியிருக்கிறேன். தானாகக் கழுவியது அப்போதுதான்.

அதன் பிறகு அவனும் ரெஜ் கட்டிங்கும் சேர்ந்து வந்து, மேல்வயலை ரெஜ்ஜுக்கு விற்றுவிடும்படி கேட்டார்கள்.

"எதுக்கும் லாயக்கில்லாத களிமண்ணு, மிசஸ் ப்ரெட்டிமன். உங்க வயசுக்கு ரோஜாத் தொட்டி போதாதா?" என்றார் ரெஜ்.

"என் வயசை நான் பாத்துக்குறேன். நீங்க முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டுங்க, மிஸ்டர் கட்டிங்" என்றேன். விற்க மறுத்தேன். என் கணவர் இறந்தது கன்னியர் நடத்தும் இல்லத்தில். அந்த வயலை எனக்குப் பிறகு அவர்களுக்கே எழுதிவைத்திருக்கிறேன். இது ஜெரார்டுக்குத் தெரியும்.

அதன் பிறகு உள்ளூர்ச் செய்தித்தாளில், ரெஜ்ஜின் நிலத்தில் ஜெரார்ட் ஒரு பானை நிறைய வெள்ளிக்காசு கண்டெடுத்து அரசுக்குத் தெரிவித்ததாகப் படத்துடன் செய்தி வந்தது. இப்படிக் கிடைப்பதற்கான வெகுமதியில் எடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. படத்தில் காசுகள் புதுக் கரண்டிகளைப் போல மின்னின. எல்லாம் அரை கிரவுன்கள். அவன் விவரம் தெரியாமல் கழுவவில்லை. மதிப்பில் பாதி போனாலும் பரவாயில்லை, அந்தக் களிமண் போக வேண்டும் என்றே கழுவியிருக்கிறான்.

அவனை அழைத்துக் கேட்டேன்.

"ஏன்டா கழுவின?"

"பளபளன்னு இருந்தா நல்லா இருக்கும்னுதான்."

"அதை உங்கப்பா நாற்காலியைப் பாத்துச் சொல்லு."

அவன் நாற்காலியைப் பார்க்கவில்லை. "உங்க கைக்கு வந்தா நேரா சிஸ்டர்ங்ககிட்டதான் போகும். எனக்கு என்ன வெச்சிருக்கீங்க, அப்பாவோட ஜெபமாலையா?" என்றான். பிறகு, "அந்த ஒரு காசு எங்கம்மா? அதையும் கழுவிடுங்க. ஒரு நிமிஷ வேலை" என்றான். அலமாரியிலிருந்து என் சமையல் சோடாப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. சார்ஜென்ட் பார்த்தார்.

அதன் பிறகு அருங்காட்சியகத்திலிருந்து மிஸ் டே வந்தார். ரெஜ்ஜின் நிலத்தில் ஜெரார்ட் காட்டிய இடத்தைத் தோண்டியதாகவும், மணலில் பானை இருந்த தடமே இல்லை என்றும் சொன்னார். எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன்.

இன்று காலை ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, பக்கத்தில் சோடாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். நீர் ஆறும்வரை காசு என் கையில் இருந்தது. பிறகு நீரைக் கொட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினேன்.

மகனுக்கு எதிராகச் சொல்வதால் அவன் சிறைக்குப் போக நேரலாம் என்று சார்ஜென்ட் எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். ஜெபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டு, காசைத் தகர டப்பாவோடு ஒப்படைத்தேன். அதை மிஸ் டேயைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சார்ஜென்ட் எழுதியதை நானே கண்ணாடி போட்டு வாசித்தேன். மேல்வயல் களிமண் என்று "நினைப்பதாக" எழுதியிருந்த இடத்தில் அந்தச் சொல்லை அடிக்கச் செய்தேன். என் மகன் என்பதால் இதில் எதையும் விடவில்லை, என்னை ஏமாற்றினான் என்பதால் எதையும் சேர்க்கவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
அகதா மோனிக்கா ப்ரெட்டிமன்