வராதவனின் ஆள்

ராத்திரி ஏழரை மணி. பள்ளிக்கரணை ரோடு. இப்போது மாதிரி கடையும் வெளிச்சமும் கிடையாது, இது 2006. ஒரு பக்கம் சதுப்பு... மறுபக்கம் குப்பைமேட்டுப் புகை. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். அங்கேதான் என் நண்பன் ஜாய்சனின் அத்தான் சத்தியநாதனின் பைக் நின்றது. டுர்... டுர்... அவ்வளவுதான்.

மனிதர் லேசுப்பட்டவரில்லை. பகடை உருட்டிக் கதைக்குள் புகுந்து ஆடும் விளையாட்டைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் தாமே என்று விசிட்டிங் கார்டு அடித்தவர். தாம்பரம் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீரன். பிழைப்பதா சாவதா என்று பகடை சொல்லும். பொத்தேரி ஹாஸ்டலில் கற்றுக்குட்டியாக எழுதிய முதல் கதையைத் தூசி தட்டி, அன்று சேலையூரில் ஜாய்சன் வீட்டில் நடத்துவதாக ஏற்பாடு. நோட்டை முந்தின வாரமே அங்கே வைத்துவிட்டு, "பிரிச்சுப் படிக்காதீங்க, தாங்க மாட்டீங்க" என்று எச்சரிக்கை வேறு.

அந்தக் கதையில் ஓர் அழுக்கு உண்டு. வராதவனின் வீரனை மற்றவர்கள் ஆடலாம் என்பது வழக்கம். ஆடுவது என்றால்... ஆபத்தான இடத்தில் அவனை முன்னால் தள்ளுவது. ஹாஸ்டலில் கூட ஆடிய தயாளன் டைபாய்டில் படுத்த வாரம், அவன் வீரனின் கத்தியையும் கவசத்தையும் கழற்றிக்கொண்டு, குழி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். இருந்தது.

ஆஸ்பத்திரியில் தயாளன் கேட்டானாம்: "என் ஆளு எப்படிடா இருக்கான்?"

"ராஜா மாதிரி கீறான் மச்சான்," என்றார் சத்தியநாதன்.

தயாளன் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தானாம். மறுநாள் விடியற்காலை செத்துப்போனான்.

சரி... பைக் நின்றதா? ஜாய்சனுக்குப் போன் அடித்தார். எடுத்தது அவன் ஆபீஸ் தோழி ஜெயஸ்ரீ.

"ஆரம்பிச்சிடாதீங்கம்மா. நான் இல்லாம உங்களால முடியாது."

"ஆரம்பிச்சாச்சு சார். உங்க ஃப்ரெண்டு நடத்துறார். செம்மையா நடத்துறார். நோட்டைத் தொடவே இல்ல!"

"யாரு?"

"தயாளன்னு சொன்னார். ஒல்லியா... உங்களுக்கும் ஒரு ஆள் போட்டிருக்கார். நீங்கதான் வரலியே! குழி இருக்கான்னு பார்க்க உங்களை முன்னால அனுப்புறோம்."

பின்னால் எல்லோரும் சிரிப்பது கேட்டது.

"ஜெயஸ்ரீ... நான் வந்துட்டேன்னு சொல்லும்மா. இருக்கேன்னு சொல்லு... தயவுசெஞ்சு."

அந்தக் குரலில் விசிட்டிங் கார்டு இல்லை.

அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சொன்னாள். ஒல்லி மனிதர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார்.

"எங்கே? காணோமே," என்றார். பகடையைக் கையில் எடுத்தார்.

போனில் சத்தியநாதன் குரல் இல்லை. சதுப்பின் தவளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன... ஆயிரக்கணக்கில்.

பகடை உருண்டது... உருண்டது... நின்றது.

தவளைகளும் நின்றன.