அரைஞாண் கயிற்றுக்குக் கீழே இருந்த கறுப்புப் பொருக்கு

என் பெயர் ஜான்சி, வயது 34, கணவர் பெயர் ஜெயவேலு. முடிச்சூரில் கணவரின் அண்ணன் வெற்றிவேலின் வீட்டில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியை, கிறிஸ்தவள். வேப்பிலையைப் பிய்த்து அம்மனை அவமதித்தேன், தடுத்தவரைக் காயப்படுத்தினேன் என்று வெற்றிவேல் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது பற்றி நான் சொல்வதாவது:

என் கணவர் மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை செய்துவிட்டுச் சென்ற வாரம் காய்ச்சலுடன் வீடு திரும்பினார். அதன் பிறகு மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்புகள் வந்தன. வெற்றிவேல் அதை அம்மை என்று சொல்லி, வாசலில் வேப்பிலை கட்டி, உடம்பு முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மாத்திரை கூடாது, வெளியாள் வரக்கூடாது என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "வேதக்காரி, உனக்குத் தாயைப் பத்தி இன்னா தெரியும்? பொத்திக்கினு இரு" என்றார்.

அதன் பிறகு என் கணவர் என்னையே யார் என்று கேட்டதால், எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வில்பிரட்டை அழைத்து வந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் வெற்றிவேல் கேட்டைப் பூட்டி, டாக்டரிடம், "ஊசி எடுத்துகினு உள்ள வந்தே, காலை ஒடிச்சிருவேன்" என்றார். டாக்டர் பக்கத்துச் சந்தில் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நான் உள்ளே நின்றேன். தடிப்பில் நீர் கோத்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கே, என்ன வேலை செய்தார் என்று கேட்டார். சொன்னேன். மஞ்சளைத் துடைத்துவிட்டு, அக்குளிலும் இடுப்பிலும் சிகரெட்டால் சுட்டது போல் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் முந்தானையால் துடைத்துப் பார்த்ததில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே கறுப்புப் பொருக்கு இருந்தது.

"இது அம்மை இல்லம்மா. புல்லுல இருக்கிற பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல் மாதிரி தெரியுது. மாத்திரையில சரியாகும். லேட் பண்ணா கிட்னி போயிடும், உடனே அட்மிட் பண்ணுங்க" என்றார்.

அதன் பிறகு வெற்றிவேலிடம் கேட் சாவி கேட்டேன். அவர் அதை வாசல் வேப்பிலைக் கொத்துக்குள் செருகிவிட்டு, "தில் இருந்தா தாய் மேல கை வச்சு எடு" என்றார். கொத்தைப் பிய்த்து எடுத்தேன். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் தள்ளினேன். அவர் நெற்றி கேட்டில் இடித்தது. இவை உண்மை. அதன் பிறகு கணவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

ரத்தப் பரிசோதனையில் பூச்சிக் காய்ச்சல் என்று உறுதியானது. மாத்திரை கொடுத்த பிறகு காய்ச்சல் இறங்கியது. இன்று காலை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெற்றிவேல் இதுவரை அவரைப் பார்க்க வரவில்லை. வேப்பிலையால்தான் தம்பி பிழைத்தான் என்று தெருவில் சொல்லிவருகிறார். நான் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி அனுப்பினார். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
ஜெ. ஜான்சி