ரெண்டு ஆளு மூச்சு

தனக்கோடி: சொன்னா கேளு பொன்னி. இந்த வரப்போட திரும்பிப் போயிடு.

பொன்னி: பாதி தூரம் வந்தாச்சு. இப்ப போயி திரும்புன்றியே மாமா!

தனக்கோடி: கெளம்பும்போதே சொன்னேன். காதுல வாங்கினியா?

பொன்னி: பொட்டிய இழுத்துப் பொடவ எடுத்துக்கினு இருந்தேன். அந்தச் சத்தத்துல கேக்கல.

தனக்கோடி: கேக்கலையா, கேக்காத மாதிரி இருந்தியா?

பொன்னி: ரெண்டும்தான்.

தனக்கோடி: வெளையாடாத. இன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து மரியதாஸ் சார் வர்றாரு. மில்லு டீமுக்கு ஆள் எடுக்கறவரு. என் சடுகுடு ஆட்டத்தப் பாக்கறதுக்குன்னே வர்றாரு.

பொன்னி: அதுக்குத்தான் நானும் வர்றேன். புருசன் பெரிய டீமுக்குப் போறான்னா பொண்டாட்டி பாக்க வேணாமா?

தனக்கோடி: வெயிலப் பாரு எப்படி அடிக்குதுன்னு. உப்புப் பாத்தியெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. கண்ணு கெட்டுடும்.

பொன்னி: தெனம் இந்த உப்பத்தான வாருறேன். இன்னிக்கு மட்டும் புதுசா கெட்டுடுமா?

தனக்கோடி: நீ கோட்டுக்கிட்ட வந்து நிக்கறதுதான் எனக்கு... சரி வுடு. அப்பறம் பேசலாம். அரசப்பண்ணன் வர்றாரு.

அரசப்பன்: ஏம்பா தனக்கோடி! நில்லுப்பா! இந்தத் தகர டப்பாவத் தூக்கிக்கினு ஓடியாறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது.

தனக்கோடி: இன்னாண்ணே, இன்னிக்கும் இதேதானா? அடிச்சு அடிச்சு நசுங்கிப் போச்சே.

அரசப்பன்: நசுங்கினா நசுங்கட்டும். நம்ம டீமுக்கு அடிக்காத டப்பா எதுக்கு, அடிக்காத கைதான் எதுக்கு? ஏம்மா பொன்னி, நீயும் வர்றியா? நல்லது, நல்லது.

பொன்னி: இவரு வேணாம்ன்றாருண்ணே.

அரசப்பன்: அட, இவன் கெடக்கறான்! போன மாசம் ஹாக்கியில நம்மாளுங்க உலகக் கப்பு ஜெயிச்சாங்கன்னு டீக்கடை ரேடியோல சொன்னான் பாரு, எல்லாரும் எழுந்து குதிச்சாங்க. நான் குதிக்கல.

பொன்னி: ஏண்ணே?

அரசப்பன்: மரக்காணத்துக்காரன் ஒருத்தனாவது ஆடினானா அதுல? நமக்கு ஒரே டீமு, ஒரே மண்ணு. அதனாலதாம்மா உன் புருசன் மேல எனக்குக் கோவம். மில்லுக்குப் போறானாமே. மாசச் சம்பளமாம், ஷூவாம், நம்பர் போட்ட பனியனாம்...

தனக்கோடி: இன்னும் எடுக்கவே இல்லண்ணே.

அரசப்பன்: எடுப்பாங்க. உன்னப் பாத்துட்டு எவன் வுடுவான்? ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அந்த மில்லு பனியனப் போட்டுக்கினு ஒரு நாளு நம்ம ஊருக்கு எதிரா எறங்கினா, நீ யாரத் தொடுவ?

தனக்கோடி: எதிர்ல நிக்கறவனத்தான். அது வேலைண்ணே.

அரசப்பன்: வேலையாம்! உப்பு வாருறது வேலை. படகுல மூட்டை ஏத்தறது வேலை. சடுகுடு எப்படிய்யா வேலையாவும்? சம்பளத்துக்குப் புடிக்கற மூச்சு பாதியிலயே வுட்டுடும் பாரு.

தனக்கோடி: சரிண்ணே, சரி. இன்னிக்கு ஆடறனா இல்லையா, அதப் பாரு.

அரசப்பன்: பாக்காம? போன ஆட்டத்துல நாலு பேரத் தொட்டுட்டு, அப்பறமும் திரும்பாம நின்னு வெளையாட்டுக் காட்டினியே... நான் டப்பா அடிக்கறதையே மறந்துட்டேன். அது ஒரு ஆளு மூச்சு இல்லப்பா. ரெண்டு ஆளு மூச்சு.

தனக்கோடி: ...சும்மா இருண்ணே.

அரசப்பன்: நெசமாத்தான் சொல்றேன். எல்லாம் பொன்னியோட ராசி. கோட்டோரம் நின்னுக்கினு, சாமி கும்புடற மாதிரி கண்ண மூடிக்கினு... ஊரே பேசுது. கூடப் பொறந்தவன அதே மண்ணுல பறிகுடுத்துட்டு, ஒரு ஆட்டம் வுடாம வந்து நிக்குதே, வேற யாருக்கு வரும் அந்த மனசு?

பொன்னி: அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே.

அரசப்பன்: உன் தம்பி கலியன் நல்ல பையம்மா. வானூர்க்காரனா இருந்தாலும் சொல்லணும்ல. புடிச்சப்பறமும் பாட்ட நிறுத்தலியே அவன்! இருதயம் நின்னுடுச்சின்னு டாக்டரே சொல்லிட்டாரு, நாம இன்னா பண்றது... சரி, நான் முன்னால போறேன். நான் போயி ரெண்டு தட்டு தட்டினாத்தான் கூட்டம் சேரும். சுருக்க வாங்க.

பொன்னி: போயிட்டாரு. இப்ப சொல்லு.

தனக்கோடி: இன்னாத்த?

பொன்னி: நான் கோட்டுக்கிட்ட நின்னா உனக்கு இன்னா?

தனக்கோடி: நீ... ஆட்டம் நடக்கும்போது எதுனா முணுமுணுக்கிறியா?

பொன்னி: நானா?

தனக்கோடி: கோவிச்சிக்காத. நான் மூச்சப் புடிச்சு, சடுகுடு சடுகுடுன்னு நடுக்கோட்டத் தாண்டினேன்னு வெய்யி. ரெண்டு எட்டு போறதுக்குள்ள... கூட யாரோ பாடுற மாதிரி இருக்குது.

பொன்னி: கூட்டத்துல எவனாவது கேலி பண்ணுவான்.

தனக்கோடி: பாடும்போது கூட்டம் எனக்குக் கேக்காது. அரசப்பண்ணன் டப்பாவே கேக்காது. இது மட்டும்தான் கேக்குது.

பொன்னி: எந்தப் பக்கத்துலேர்ந்து?

தனக்கோடி: மொதல்ல கோட்டோரம்னு நெனச்சேன். நீ நிக்கற பக்கம். அப்பறம் முதுகுக்குப் பின்னால. போன ஆட்டத்துல... கால்கிட்ட.

பொன்னி: கால்கிட்டயா?

தனக்கோடி: தரையிலேர்ந்து. ஒருத்தன் குப்புறப் படுத்துக்கினு மண்ணுக்குள்ள வாய வெச்சுப் பாடுற மாதிரி. நாலு பேரத் தொட்டு வெளையாட்டுக் காட்டினேன்றாரே அவரு. நான் இன்னாத்த வெளையாட்டுக் காட்டினேன்? அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடினேன். எதிர்ல ஆளுங்க நின்னதே மோதினப்பறம்தான் தெரிஞ்சுது.

பொன்னி: இன்னா பாடுது அது? சடுகுடுன்னா?

தனக்கோடி: இல்ல.

பொன்னி: பின்ன?

தனக்கோடி: கபடி கபடின்னு.

பொன்னி: நம்மூர்ல அப்படி யாரும் பாட மாட்டாங்களே.

தனக்கோடி: தெரியும்.

பொன்னி: எங்க வானூர்லதான்...

தனக்கோடி: தெரியும்டி!

பொன்னி: கத்தாத. பாத்தியில ஆளுங்க இருந்தா திரும்பிப் பாப்பாங்க.

தனக்கோடி: யாரு இருக்காங்க? எல்லாம் ஆட்டத்துக்குப் போயிடுச்சு. ஒரு கொக்கு கூட இல்ல... இன்னும் கேளு. போன ஆட்டத்துல திரும்பி வரும்போது என் மூச்சு முடிஞ்சு போச்சு. கோட்டுக்கு ரொம்ப முன்னாடியே. வாய மூடிக்கினுதான் ஓடியாந்தேன்.

பொன்னி: அம்பயர் அவுட் குடுக்கலியே.

தனக்கோடி: குடுக்கல. ஏன் குடுக்கல? அவரு காதுக்குப் பாட்டு நிக்கல பொன்னி. நான் நிறுத்திட்டேன், அது நிறுத்தல.

பொன்னி: கோட்டத் தொட்டப்பறம்?

தனக்கோடி: அப்பறமும் கொஞ்ச நேரம் பாடிக்கினு இருந்துது. பசங்க என்னத் தூக்கிக்கினு ஆடறாங்க, எனக்குக் கீழ அது பாடுது. அப்பறம் சட்டுனு அறுந்து போச்சு.

பொன்னி: இத யார்கிட்டயும் சொல்லலியா?

தனக்கோடி: இன்னான்னு சொல்றது? இந்த மண்ண வுட்டுத் தொலைஞ்சா போதும். அதுக்குத்தான் மில்லு. ஊர்ல எல்லாரும் காசுக்குப் போறான்றாங்க. போகட்டும், அப்படியே நெனச்சிக்கட்டும். அங்க வேற மண்ணு. வேற ஆளுங்க. எட்டு மணி நேரம் வேலை மாதிரி ஆடிட்டு வூட்டுக்கு வந்து தூங்கலாம்.

பொன்னி: நானும் வருவேன்ல மெட்ராஸுக்கு?

தனக்கோடி: வா. வராம? ஆட்டத்துக்கு மட்டும் வராத. இன்னிக்கும் வராத. அந்த மரியதாஸ் சார் முன்னாடி அது ஆரம்பிச்சுதுன்னா...

பொன்னி: மாமா, நான் எந்த ஊரு?

தனக்கோடி: இது இன்னா கேள்வி? தாலி கட்டின அன்னிலேர்ந்து மரக்காணம்.

பொன்னி: யாரு கேட்டீங்க என்ன? கலியனுக்கு நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவன் ஆட்டத்துக்குக் கத்தினவ நான். ஒரு கயிறு கட்டினா தொண்ட மாறிடுமா?

தனக்கோடி: வானூரோட ஆடின அன்னிக்கு நீ நம்ம ஊர்ப் பொம்பளைங்களோடதான நின்ன? கை தட்டினியே. நான் பாத்தேன்.

பொன்னி: அவங்க தட்டினாங்க, நானும் தட்டினேன். முந்தானைய வாயில வெச்சிக்கினு, உள்ளுக்குள்ள, வாடா கலியா, வாடா கலியான்னு கத்தினேன். அது உனக்குத் தெரியாது.

தனக்கோடி: தம்பிக்குக் கத்தினா அதுல இன்னா தப்பு? சரி, நேரமாவுது...

பொன்னி: ஏழு பேரும் அவன் மேல வுழுந்தீங்க. அடியில அவன் பாடறான். எனக்கு நல்லாக் கேக்குது. மூச்சு தீர்ற பாட்டு எப்படி இருக்கும், உனக்குத் தெரியாததா? மெலிஞ்சு, மெலிஞ்சு, இழுத்து இழுத்து நிக்கும். அவன் பாட்டு மெலியல மாமா. நல்லா கணீர்னு போயிக்கினு இருந்துது. சட்டுனு அறுந்துது.

தனக்கோடி: இருதயம்னு டாக்டர்...

பொன்னி: டாக்டரு துணியப் பாத்தாரா?

தனக்கோடி: எந்தத் துணி?

பொன்னி: உப்புல உன் உள்ளங்கை வெடிச்சிருந்துது. அன்னிக்குக் காலையில என் பச்சைப் பொடவையக் கிழிச்சு நான்தான் கட்டிவுட்டேன்.

தனக்கோடி: ...அது எங்கியோ வுழுந்து போச்சு.

பொன்னி: வுழல. சாவு வூட்டுலேர்ந்து வந்து அவுத்துப் போட்ட. நான்தான் தொவைச்சேன். அதுல பல்லு பதிஞ்சிருந்துது. உக்காராத. வரப்பு சூடு.

தனக்கோடி: அந்தக் கூட்டத்துல அவன் வாயப் பொத்தினது யார் கைன்னு எவனுக்குத் தெரியும் பொன்னி? எங்க எல்லாரையும் இழுத்துக்கினு ஊர்ந்து ஊர்ந்து வர்றான். கோடு பக்கத்துல வந்துடுச்சு. அரசப்பண்ணன் டப்பா அடிக்கறாரு, ஊரே கத்துது, வுடாத வுடாதன்னு...

பொன்னி: வுடல. நீ வுடல.

தனக்கோடி: ரெண்டு வருசம் எங்கூட இருந்த. சோறு போட்ட. ஒரு வார்த்த கேக்கல.

பொன்னி: கேட்டிருந்தா நீ ஆட்டத்த வுட்டிருப்ப.

தனக்கோடி: அப்ப... அப்ப அது நீதான். இப்பப் புரியுது எனக்கு. கோட்டோரம் நின்னுக்கினு கபடி கபடின்னு என் மூச்ச ஒடைக்கற. அவன மாதிரியே பாடி என்னப் பயமுறுத்தற.

பொன்னி: அப்படி நெனச்சா உனக்கு நல்லாருக்குதா?

தனக்கோடி: ஆமா, நல்லாருக்குது! நீதான்னு சொல்லிடு. நான் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். நீயா இருந்தா எனக்கு அது போதும்.

பொன்னி: அதோ, டப்பா சத்தம். தொடங்கிட்டாரு.

தனக்கோடி: நீன்னு சொல்லு பொன்னி!

பொன்னி: நான் வாயே தொறக்கறதில்ல மாமா.

தனக்கோடி: பின்ன?

பொன்னி: எனக்கும் கேக்குது. நீ நடுக்கோட்டத் தாண்டினதும் கேக்குது. அதுக்குத்தான் கண்ண மூடிக்கறேன். தொறந்திருந்தா நீ தெரிவ. மூடிக்கினா அவன் மட்டும்தான்.

தனக்கோடி: ஐயோ... வேணாம். நான் ஆடல. வா, வூட்டுக்குப் போயிடலாம். மில்லும் வேணாம், சம்பளமும் வேணாம். இனிமே செத்தாலும் நான் சடுகுடுன்னு வாயத் தொறக்க மாட்டேன்.

பொன்னி: அப்படிச் சொல்லாத மாமா. நீ பாடலன்னா நான் எங்க போயி அவனக் கேப்பேன்? எழுந்திரு... விசில் ஊதிட்டாங்க. நான் உன் பின்னாலயே வர்றேன்.